உஷார்! நாற்பதாம் நாளோடு முடிந்துவிடவில்லை

நிர்வாணம் (ஆணுறுப்பை நீக்கும் அறுவை சிகிச்சை) முடிந்தது, நாற்பதாம் நாள் பால் ஊற்றிச் சடங்கும் ஆயிற்று, இனிப் பயமில்லை என்று இருந்துவிடாதீர்கள். திருநங்கைகளுக்கான அறுவை சிகிச்சையில் மோசமான சிக்கல்கள் பல, வீடு திரும்பிய பிறகுதான் தலைகாட்டுகின்றன.

முதலில் சிறுநீரைக் கவனியுங்கள். தாரை நூலாக மெலிகிறதா? சிதறித் தொடையை நனைக்கிறதா? முக்கினால்தான் வருகிறதா? அப்படியானால் புதிதாக அமைத்த துவாரம் தழும்பு கட்டிச் சுருங்கிக்கொண்டிருக்கலாம். "எல்லாருக்கும் இப்படித்தான், போகப்போகச் சரியாயிடும் மகளே" என்று திருநங்கைகள் ஜமாத்தில் அம்மாக்கள் ஆறுதல் சொல்வார்கள். அன்பால் சொல்வதுதான், ஆனாலும் கேட்காதீர்கள். எரிச்சலுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது அதைவிட ஆபத்து. சிறுநீர் தேங்கினால் கிருமி ஏறும், சிறுநீரகமே கெடும். சீக்கிரம் காட்டினால் சரிசெய்வது சுலபம். அடியோடு நின்றுவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்த ராத்திரியே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

பெண்ணுறுப்புப் பாதையும் அமைத்துக்கொண்டவர்கள், அதை விரித்து வைக்கும் டைலேட்டரை விடக்கூடாது. முதல் சில மாதங்கள் தினமும் பலமுறை, பிறகு டாக்டர் சொல்கிறபடி குறைத்து. தாழ்ப்பாள் இல்லாத ஒற்றை அறையில் ஐந்து பேரோடு இருப்பவள் எங்கே போய் இதைச் செய்வாள்? ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன்பே அதற்கு ஒரு இடம் பாருங்கள். விட்டால் பாதை மூடிக்கொள்ளும். அந்தப் பாதை வழியே காற்றோ மலமோ வந்தால் மலக்குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென மூச்சு வாங்கினாலும் உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

விரைகளை எடுத்த பிறகு ஹார்மோனை இஷ்டத்துக்கு நிறுத்தினால் எலும்பு பலவீனமாகும்.

கேரளச் சட்டமன்றத் தேர்தலுக்கு மனு தாக்கல் செய்த முதல் திருநங்கை அனன்யா குமாரி அலெக்ஸ். ஆபரேஷன் முடிந்து ஓராண்டாகியும் வலி தீரவில்லை, நிற்கக்கூட முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 2021 ஜூலையில் இறந்துபோனார். நினைத்தால் இன்றும் ஆறவில்லை. வலிக்கிறது என்று ஒருத்தி சொன்னால் நம்புங்கள்.

ஆபரேஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 27 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2021-ஆம் ஆண்டு மதிப்பாய்வில், செய்துகொண்டதற்காக வருந்தியவர்கள் சுமார் 1 சதவீதம்தான். ஆளைக் கெடுப்பது பின்கவனிப்பு இல்லாமைதான்.

அதனால் கத்தி வைக்கும் முன்பே கேளுங்கள்: அப்புறம் என்னை யார் பார்ப்பார்கள், ராத்திரியில் எந்த நம்பருக்குப் போன் செய்வது? பதில் இல்லாத இடத்தில் படுக்காதீர்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் மூன்றாம் பாலினத்தவருக்கெனத் தனி கிளினிக்கே இருக்கிறது. வேறெங்கோ செய்துகொண்டவர்களும் போய்க் கேளுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கட்டும். எதை எடுத்தார்கள், எதை அமைத்தார்கள் என்பதே தெரியாமல் பலர் வந்து நிற்கிறார்கள். புரோஸ்டேட் சுரப்பி உள்ளேயே இருப்பதும் பலருக்குத் தெரியாது. வயதான பின் அதையும் பரிசோதிக்க வேண்டும்.