அந்த ஒரு ஜாங்கிரி

போன வருஷம் சித்திரையில் என் எடை 74 கிலோ. உயரமோ 155 சென்டிமீட்டர்தான். இதைப் பத்திரிகையில் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ‘அட, நம்ம கதை!’ என்று உங்களில் பாதிப் பேராவது சிரிப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. கடைசிக் காலத்தில் ஒரு கால் விரலையே எடுக்க வேண்டி வந்தது. அதைச் சொன்னதும் டாக்டரம்மா டேப்பை எடுத்து என் இடுப்பை அளந்தார். “நம்ம ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்கணும். உங்களுக்கு 98. ஆறு கிலோவாவது குறைச்சுடுங்க” என்றார்.

சரி என்று ஆரம்பித்தேன். மத்தியானம் ஒரு கிண்ணம் சாதம், நிறையக் கறிகாய், ராத்திரி இரண்டு சப்பாத்தி. காப்பிக்குப் பாதிச் சர்க்கரை. பத்தொன்பது நாள் கண்ணும் கருத்துமாக ஓடியது. இருபதாம் நாள் நாத்தனார் பெண்ணின் வளைகாப்பு.

“அண்ணி, ஒண்ணே ஒண்ணு! பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்காக!” என்று நாத்தனார் இலையில் ஜாங்கிரியை வைத்துவிட்டாள். சாப்பிட்டேன். அது பெரிசில்லை. சாப்பிட்டு முடித்ததும் உள்ளே ஒரு குரல் ‘போச்சு’ என்றதே, அதுதான் பெரிசு. ‘இருபது நாள் விரதம் போச்சு. இனிமே என்ன இருக்கு?’ அவ்வளவுதான், இன்னொரு ஜாங்கிரி. புளியோதரை இரண்டு தடவை. வீட்டுக்குக் கட்டிக் கொடுத்த தேங்காய் சாதம் ராத்திரிக்கு. மறுநாள் காலை மெஷினில் ஒன்றேகால் கிலோ ஏறியிருந்தது. ‘திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கலாம்’, ‘அமாவாசை கழியட்டும்’ என்றே இரண்டு மாதம் ஓடிவிட்டது.

அந்த நாட்களில் பீரோ கண்ணாடி முன்னால் நின்று, “எருமை மாதிரி ஆயிட்டே, வெட்கமாயில்லே?” என்று என்னையே திட்டிக்கொள்வேன். சூடு சொரணை வந்தால் இளைத்துவிடுவோம் என்று நினைப்பு. ஒருநாள் துணி மடித்துக்கொண்டு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பதினொரு வயசு என் மகள், ஒடிசல் உடம்புக்காரி, அதே கண்ணாடி முன்னால் வயிற்றைப் பிடித்து இழுத்து, “எருமை” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக அவளுடைய டிபன் பாக்ஸ் பாதிச் சாதத்தோடு திரும்பி வந்த காரணம் அப்போதுதான் புரிந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தங்கை மகள் மனோதத்துவம் படிக்கிறாள். அவளிடம் சொல்லி அழுதேன். அவள் ஒரு சோதனையைச் சொன்னாள். 1975-ல் அமெரிக்காவில் ஹெர்மன், மாக் என்ற இருவர் கல்லூரிப் பெண்களை அழைத்து, சிலருக்கு மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, ‘ருசி பார்த்துச் சொல்லுங்கள்’ என்று ஐஸ்கிரீமை வைத்தார்களாம். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் வாயைக் கட்டுகிறவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகுதான் ஐஸ்கிரீமை அதிகம் சாப்பிட்டார்கள்! என் ‘போச்சு’ அந்த ஊரிலும் இருந்திருக்கிறது.

“பெரியம்மா, ஒரு கிலோ கொழுப்பு சேரணும்னா தேவைக்கு மேலே ஏறக்குறைய 7,700 கலோரி சாப்பிடணும். ஒரு ஜாங்கிரியாலே ஆகிற காரியமா? மறுநாள் மெஷின் காட்டினது பாதிக்கு மேலே உப்பும் சாதமும் பிடிச்சு வெச்ச தண்ணி” என்றாள். அந்தத் தண்ணீருக்குப் பயந்தா இரண்டு மாதத்தைக் கோட்டை விட்டேன்!

‘சாப்பிடக் கூடாது’ என்பதை ‘சாப்பிடறதில்லை’ என்று மாற்றிச் சொல்லிப் பார்க்கவும் சொன்னாள். அப்படிச் சொல்லிக்கொண்டவர்களே ஆசையை எளிதாகத் தாண்டினார்கள் என்று 2012-ல் ஓர் ஆராய்ச்சி வந்ததாம். எனக்கு என் மாமியார் ஞாபகம் வந்தது. ஏகாதசியன்று அரிசி தொடமாட்டார். அடுத்த இலையில் பாயசம் விழுந்தாலும் முகம் மாறாது. ‘கூடாதே’ என்று ஏங்கி நான் பார்த்ததில்லை. “இன்னிக்கு நான் சாப்பிடறதில்லை” என்பார், முடிந்தது. ‘கூடாது’ என்றால் யாரோ தடுத்த மாதிரி, கொஞ்ச நேரத்தில் திருடத் தோன்றுகிறது. ‘இல்லை’ என்றால் நாமே வைத்துக்கொண்ட வழக்கம்.

முதல் வேலையாக, குழந்தைகள் தட்டில் மிச்சம் வைத்ததை ‘வீணாப் போறதே’ என்று வாயில் போட்டுக்கொள்வதை நிறுத்தினேன். நம் வயிறு என்ன குப்பைத் தொட்டியா? இந்த ஒன்று கஷ்டமாகவே இருந்தது. இப்போது முதலிலேயே குறைவாகப் பரிமாறுகிறேன்.

தவறினால் என்ன சொல்லிக்கொள்வது? எதிர்வீட்டு மாமி “ஒரு வடை தின்னுட்டேனே” என்றால், “எருமை” என்றா சொல்வேன்? “அதனாலென்ன, ராத்திரி வழக்கம்போலச் சாப்பிடுங்கோ” என்பேன். அதையே எனக்கும் சொல்லப் பழகினேன். வாயில் வர ஒரு மாதம் ஆயிற்று. கண்ணாடியைப் பார்த்துத் திட்டுவது அடியோடு நின்றது. மகளின் டிபன் பாக்ஸ் காலியாகத் திரும்ப அதைவிட அதிக நாள் பிடித்தது.

பேச்சு மட்டுமே எடையைக் குறைக்காது, சாயங்காலம் அரைமணி நடக்கிறேன். தைராய்டு கோளாறு இருந்தால் எத்தனை நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டாலும் போதாது, ரத்தப் பரிசோதனையும் மருந்தும் வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களும், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டில் கை வைக்க வேண்டாம்.

இப்போது 68 கிலோ. நடுவில் இரண்டு தடவை ஏறி இறங்கியது. இடுப்பு இன்னும் 80-க்கு வரவில்லை. மெஷினைப் பரண் மேல் வைத்துவிட்டு வாரம் ஒருமுறை மட்டும் இறக்குகிறேன்.

அடுத்த வாரம் அந்த வளைகாப்புப் பெண்ணின் குழந்தைக்கு ஆண்டு நிறைவு. நாத்தனார் இப்போதே போனில் சமையல் பட்டியல் ஒப்பித்துவிட்டாள். ஜாங்கிரி உண்டாம். ஒன்று சாப்பிடுவதாக இருக்கிறேன். ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தி.