கப்பலூர் வெயிலில் ஒரு பவளத்தொட்டி

மதுரையை அடுத்த கப்பலூரிலிருந்து மண்டபம் பக்கம் போனாலும் தூத்துக்குடி பக்கம் போனாலும் கடலைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். தொழிற்பேட்டை, சுங்கச்சாவடி, நான்குவழிச் சாலை, அதைத் தாண்டினால் வறண்ட சமவெளி. சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும் ஊர்ப்பக்கம் இது. இங்கே வீட்டுக் கூடத்தில் உப்புநீர்த் தொட்டி வைத்து, கோமாளி மீனோடு மென்பவளங்களையும் வளர்க்க நினைப்பவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட் லைட் போடணும்?" என்பதுதான். மீன் மட்டும் வளர்ப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. பவளம் வைப்பவருக்கு விளக்குதான் தீவனம், அதனால் கேள்வி நியாயமானது. ஆனால் சமவெளியில் அதற்கான பதிலை வாட் கணக்கில் தொடங்கக் கூடாது. மே மாதத்து வெயிலில் தொடங்க வேண்டும்.

காரணம் மன்னார் வளைகுடாவிலேயே இருக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பவளப் பாறைகளைப் பல ஆண்டுகளாகக் கண்காணித்து வரும் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார், 2016 கோடையில் கடல்நீர் 30 டிகிரியைத் தாண்டிச் சூடேறியபோது நடந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். உயிருள்ள பவளத்தின் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகச் சரிந்தது. பெரும்பாலும் ஆழம் குறைந்த நீரில், நேரடி வெயில் படும் இடத்தில் வாழும் பவளங்கள் அவை. வெயில்தான் அவற்றை வாழவைத்தது. நீர் சூடானதும் அதே வெயில் அவற்றுக்கு எமனானது.

பவளம் ஒரு விலங்கு. அதன் திசுவுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. ஒளியை வாங்கிச் சர்க்கரை தயாரித்து, அதில் பெரும்பங்கைத் தங்கவைத்த பவளத்துக்கே கொடுத்துவிடுகின்றன. நீர் சூடேறினால் பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் தடுமாறுகிறது. வாங்கிய ஒளியைச் சர்க்கரையாக்க முடியாமல், திசுவைத் தாக்கும் ஆக்சிஜன் நச்சுகளை அது உண்டாக்கத் தொடங்குகிறது. பவளம் பாசியை வெளியே தள்ளி வெளுத்துப்போகிறது. 26 டிகிரியில் இதமாக இருக்கும் அதே வெளிச்சம் 31 டிகிரியில் நஞ்சாவது இப்படித்தான். கடலுக்குப் பொருந்தும் இந்த உண்மை கூடத்துத் தொட்டிக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். ஏனெனில் இங்கே வெளிச்சம் தரும் விளக்கே தண்ணீரைச் சூடாக்குகிறது. ஒளிக்கணக்கும் சூட்டுக்கணக்கும் ஒரே கணக்கு என்று எடுத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இனி விளக்குக்கு வருவோம். ட்யூப்லைட் எரியும்போது உள்ளே இருக்கும் பாதரச ஆவி முதலில் வெளியிடுவது கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை. குழலின் உட்புறம் பூசியிருக்கும் பாஸ்பர் பொடிதான் அதை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருகிறது. பூச்சை மாற்றினால் நிறம் மாறும். வீட்டு ட்யூப்லைட்டின் பூச்சு மனிதக் கண்ணுக்காகச் செய்தது. பவளத்தின் பாசிக்கு வேண்டியதோ பெரும்பாலும் நீலம். கடலில் முதல் சில மீட்டருக்குள் சிவப்பு ஒளியைத் தண்ணீர் உறிஞ்சிவிடும், நீலம்தான் ஆழம் வரை இறங்கும். அதற்கேற்பவே பாசியின் நிறமிகள் 430 முதல் 500 நானோமீட்டர் வரையுள்ள நீலப் பகுதியை நன்றாகப் பிடிக்கின்றன. அதனால்தான் பவளத்தொட்டிக்கென்று 10,000 கெல்வின், 14,000 கெல்வின் வெள்ளைக் குழல்களும், 420 அல்லது 460 நானோமீட்டரில் உச்சம் காட்டும் நீலக் குழல்களும் வந்தன.

இவற்றில் இன்றும் பெயர் சொல்லி நிற்பது டி5 ஹெச்ஓ (ஹை அவுட்புட்) என்ற மெல்லிய குழல். விட்டம் 16 மில்லிமீட்டர்தான். நம் வீடுகளில் இருந்த பழைய 40 வாட் குழலின் விட்டம் 38 மில்லிமீட்டர். நான்கடி டி5 ஹெச்ஓ 54 வாட், மூன்றடி 39 வாட், இரண்டடி 24 வாட். இங்கே வாங்குபவர் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. மதுரை எலெக்ட்ரிக் கடைகளில் இப்போது டி5 என்று கேட்டால் எல்இடி பட்டையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அதற்கு முன்பு டி5 என்று விற்ற ட்யூப்லைட்டும் பெரும்பாலும் 28 வாட் சிக்கன வகை. அதன் நீளமும் 54 வாட் குழலின் நீளமும் ஒன்றே, 1149 மில்லிமீட்டர். ஹோல்டரில் கச்சிதமாகப் பொருந்திவிடும். ஆனால் 28 வாட்டுக்கான சோக்கில் 54 வாட் குழலைப் போட்டால் அது தன் பலத்துக்கு எரியாது. குழலின் மேல் அச்சிட்ட வாட்டும் எலெக்ட்ரானிக் சோக்கின் மேல் அச்சிட்ட வாட்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

நான்கு குழல் வைப்பவர்கள் பரவலாகப் பின்பற்றும் சேர்க்கை இது: 460 நானோமீட்டர் நீலம் இரண்டு, 10,000 கெல்வினை ஒட்டிய வெள்ளை ஒன்று, இளஞ்சிவப்பு கலந்த ஊதா ஒன்று. நீலம் பவளத்துக்குச் சோறு, மற்ற இரண்டும் பார்க்கிற நமக்காக. நீல ஒளியில் மென்பவளங்களின் பச்சையும் ஆரஞ்சும் தாமே ஒளிர்வதுபோலத் தெரியும். அவற்றின் உடலில் உள்ள புரதங்கள் நீலத்தை வாங்கி வேறு நிறமாகத் திருப்பித் தருவதால் வரும் அழகு அது.

குழலை விட அதன் பின்னால் இருக்கும் பிரதிபலிப்பான் முக்கியம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. குழல் எல்லாத் திசைகளிலும் ஒளியைச் சிதறடிக்கிறது, அதில் பாதி கூரையைப் பார்த்தே போகும். ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனியாக, வளைத்த அலுமினியப் பிரதிபலிப்பான் இருக்கும் விளக்குப்பெட்டியில் அந்த ஒளி தண்ணீருக்குள் இறங்கும். ஒரே வெள்ளைத் தகட்டின் கீழ் நான்கு குழல்களை அடுக்கிய பெட்டியில் பெரும்பகுதி வீணாகும். இதையெல்லாம் யூகத்தில் சொல்லாமல் கருவி வைத்து அளந்து காட்டியவர்களில் முதன்மையானவர் சஞ்சய் ஜோஷி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொழில்துறைப் பொறியியல் பேராசிரியராகப் பணியாற்றியவர், வீட்டில் பெரிய பவளத்தொட்டி வைத்து வளர்த்தவர். மெட்டல் ஹாலைடு, டி5, எல்இடி என்று விளக்குகளை வரிசையாக அளந்து அவர் எழுதிய கட்டுரைகள், விற்பனைப் பேச்சை நம்பியிருந்த பொழுதுபோக்குக்கு எண்களைக் கொடுத்தன. அவரைப் போன்றவர்கள் அளந்தது லூமனை அல்ல. லூமன் மனிதக் கண்ணின் அளவுகோல். பவளத்துக்கு வேண்டியது, 400 முதல் 700 நானோமீட்டருக்குள் ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகிறது என்ற கணக்கு. சுருக்கமாகப் 'பார்' என்பார்கள். வெப்பமண்டலத்து உச்சிவெயிலில் கடல் மட்டத்தில் அது 2,000 வரை போகும். மென்பவளங்களுக்கும் காளான் பவளங்களுக்கும் 50 முதல் 150 வரை இருந்தாலே போதும்.

கப்பலூர்க்காரருக்கு இந்த 50, 150 என்ற எண்கள்தான் நல்ல செய்தி. கிளைபரப்பும் கல்பவளங்களுக்கு 200க்கு மேல் வேண்டியிருக்கும், அதற்கு விளக்கும் கூட வேண்டும், விளக்கு கூடினால் சூடும் கூடும். அவற்றை இந்தியாவில் வைத்திருக்கவே முடியாது என்பது தனி விஷயம். பாறை கட்டும் கல்பவளங்கள், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல்விசிறி, கடல்குதிரை ஆகியவற்றை 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ராமேசுவரம் போய் வந்தவர் கையோடு எடுத்து வரும் செத்த பவளக் கல்லுக்கும் இது பொருந்தும். ஆகவே தொட்டியின் பாறை சுட்ட மண்ணாகவோ செயற்கைக் கல்லாகவோ இருக்கட்டும், உயிர்கள் ரசீதும் இறக்குமதிச் சான்றும் தரும் கடையிலிருந்து வரட்டும். கோமாளி மீனைக் கடலிலிருந்து பிடிக்க வேண்டிய தேவையும் இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் அதைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்யும் நுட்பத்தை உருவாக்கியிருக்கிறது.

இப்போது சூட்டைக் கணக்கிடலாம். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் கல், மணல் போக ஏறத்தாழ 200 லிட்டர் நீர் நிற்கும். அதன் மேல் 54 வாட் குழல் நான்கு என்றால் 216 வாட். நாளுக்கு 9 மணி நேரம் எரிந்தால் ஏறக்குறைய 2 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 116 யூனிட் வரும். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை இந்த விளக்கு மட்டுமே தின்றுவிடும். அந்த மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் முடிகிறது. அது அத்தனையும் தொட்டியில் இறங்குவதாக வைத்துக்கொண்டால், அதை வெளியேற்ற நாளுக்கு ஏறக்குறைய 3 லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும்.

மதுரைச் சமவெளிக்கு ஒரு சாதகம் இங்கேதான் இருக்கிறது. கோடையில் இங்கே காற்று வறண்டது. நீர்ப்பரப்பின் குறுக்கே சின்ன ஃபேன் ஒன்றை ஓடவிட்டால் நீர் வேகமாக ஆவியாகிக் குளிரும். புழுக்கமான தூத்துக்குடிக் கடற்கரை வீட்டில் அதே ஃபேன் இந்த அளவுக்கு வேலை செய்யாது. பல்லாயிரம் ரூபாய் போட்டு நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கும் முன் இந்த வழியை முயன்று பார்ப்பதே புத்திசாலித்தனம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஆவியாவது நீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 200 லிட்டரில் 3 லிட்டர் குறைந்தால் லிட்டருக்கு 35 கிராம் உப்பு ஒரே நாளில் 35.5 ஆகிவிடும், ஒரு வாரம் விட்டால் உயிர்கள் தாங்காது. குறைந்ததை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும், அதுவும் ஆர்.ஓ. நீரால். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் சில வாரங்களில் கண்ணாடி முழுக்கப் பாசியைப் படரவிடும்.

ஃபேன் காற்று குழலுக்கும் நல்லது. டி5 குழல் தன்னைச் சுற்றிய காற்று 35 டிகிரியில் இருக்கும்போதுதான் உச்ச ஒளியைத் தரும்படி அமைந்தது. அதைத் தாண்டினால் உள்ளிருக்கும் பாதரச ஆவியின் அழுத்தம் கூடி ஒளி குறையும். அடைத்து மூடிய மரப்பெட்டிக்குள் குழல்களை வைத்தால் மின்சாரம் அதே அளவு செலவாகும், ஒளி குறையும், சூடு ஏறும். நீர்மட்டத்திலிருந்து 15, 20 சென்டிமீட்டர் உயரத்தில் விளக்கைத் தொங்கவிட்டு, இடையில் காற்றுக்கு வழிவிடுவதே நல்லது.

விளக்கு எரியும் நேரத்தையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். பவளத்துக்கு நம் கடிகாரம் தெரியாது. நண்பகலில் ஓட்டின் கீழ் கொதிக்கும் கூடத்தில் விளக்கை எரியவிடுவதற்குப் பதிலாக, டைமரை மாலை 5 மணிக்கு வைத்து நள்ளிரவு தாண்டி அணையவிட்டால் இரண்டு மூன்று டிகிரி மிச்சமாகும். பகலில் வேலைக்குப் போய்விடும் வீட்டார் தொட்டி ஒளிரும் நேரத்தில் அதன் எதிரே உட்காரவும் முடியும். முதலில் நீலக் குழல்கள், ஒரு மணி நேரம் கழித்து மற்றவை, அணையும்போது இதன் தலைகீழ் வரிசை. அக்னி நட்சத்திர நாட்களில் தண்ணீர் 29 டிகிரியைத் தொட்டால் இரண்டு குழல்களை அணைத்துவிட்டு, நேரத்தையும் ஆறு மணியாகக் குறைப்பது நல்லது. வெளிச்சம் குறைந்த சில வாரங்களைப் பவளம் தாங்கிக்கொள்ளும், சூட்டோடு சேர்ந்த வெளிச்சத்தைத் தாங்காது. கரன்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓட வேண்டியது விளக்கு அல்ல, நீரைச் சுழற்றும் பம்ப். ஒளி இல்லாமல் இரண்டு நாள் இருக்கலாம், ஆக்சிஜன் இல்லாமல் சில மணி நேரம்தான்.

பாதுகாப்பு விஷயத்தில் சமரசமே கூடாது. உப்புநீர் தெறித்துக் குழல் முனைகளில் வெண்மையாகப் படியும், ஈரமானால் அது மின்சாரத்தைக் கடத்தும். நீர்புகா ஹோல்டர், விளக்குக்கும் நீருக்கும் இடையே கண்ணாடி, 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் ஆகிய மூன்றும் வேண்டும். வயரைப் பிளக்குக்குக் கீழே தொங்கும்படி வளைத்துவிட்டால் வழியும் நீர் சாக்கெட்டுக்குள் போகாது. தொட்டிக்குள் கைவிடும்போது கையுறையும் தேவை. பொத்தான் பவளம் எனப்படும் சோவாந்திட் வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு.

குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் பாஸ்பர் பூச்சு தேய்ந்துவிடும். 9 முதல் 12 மாதத்துக்குள் மாற்ற வேண்டும் என்பது இத்துறையில் பொதுவான வழக்கம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் மங்கலுக்குப் பழகிய பவளம் திடீர் ஒளியில் வெளுக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு குழல் என்று மாற்றலாம். மே மாதத்தில் மாற்றுவதைத் தவிர்த்து, ஐப்பசி மழையில் கூடம் குளிர்ந்த பிறகு செய்தால் இன்னும் நல்லது.

புதிதாகத் தொடங்குபவர் முன்னால் இன்னொரு கேள்வியும் நிற்கிறது. இந்தியா 2018இல் ஏற்ற மினமாட்டா பாதரச ஒப்பந்தத்தின் உறுப்பு நாடுகள், பொது வெளிச்சத்துக்கான ட்யூப்லைட் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்த 2023இல் ஜெனீவாவில் முடிவெடுத்தன. ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டு ஆகஸ்டிலேயே டி5, டி8 குழல்களுக்குச் சந்தையை மூடியது. நீலக் குழல்கள் பொது வெளிச்சத்துக்கானவை அல்ல. ஆனாலும் ஆலைகள் குறையக் குறைய அவை அரிதாகவும் விலை கூடியும்தான் கிடைக்கும். அதே ஒளிக்கு எல்இடி கிட்டத்தட்ட பாதி மின்சாரத்தில், அதாவது பாதிச் சூட்டில் வேலையை முடிக்கிறது. கையில் எதுவும் இல்லாமல் தொடங்குபவருக்கு எல்இடிதான் பொருத்தம். நல்ல பிரதிபலிப்பான் உள்ள டி5 பெட்டி ஏற்கெனவே இருப்பவரோ, மலிவாகக் கிடைத்தவரோ அதைத் தூக்கிப் போட வேண்டாம். நிழல் விழாமல் தொட்டி முழுக்கச் சமமாகப் பரவும் அந்த மென்மையான ஒளி மென்பவளங்களுக்கு இன்றும் அருமையாகப் பொருந்தும். நான்கில் இரண்டு குழல்களை மட்டும் ஏற்றி, நடுவே எல்இடி பட்டை ஒன்றைச் சேர்த்தால் சூடும் குறையும், மாற்றுக் குழல்களின் செலவும் பாதியாகும்.

தேய்ந்த குழலைத் தெருவோரக் குப்பையில் போட்டு உடைக்கக் கூடாது. ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. 2022 மின்கழிவு விதிகள் பாதரச விளக்குகளையும் உள்ளடக்குகின்றன, அதனால் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் உடைந்துவிட்டால் ஃபேனை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, அரை மணி நேரம் கழித்து ஈரத்துணியாலும் அட்டையாலும் துண்டுகளை அள்ளி மூடிபோட்ட டப்பாவில் அடைக்க வேண்டும். துடைப்பமும் வாக்குவம் கிளீனரும் பாதரசத்தை வீடு முழுக்கப் பரப்பிவிடும்.