ஏழாம் நாள் சோடியம்

சேலம் அடிவாரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணனுக்கு மூக்கு வழியாகப் பிட்யூட்டரி கட்டியை எடுத்தார்களாம். "ஆபரேஷன் நடந்தது தலையில். நர்ஸம்மா ராத்திரி பூரா மணிக்கொரு தரம் அளந்தது சிறுநீரை. இப்போது ஏழாம் நாள் ரத்தத்தில் சோடியம் பார்த்துவிட்டு வரச் சொல்கிறார்கள். ஆள் நன்றாக நடமாடுகிறார், எதற்கு வீண் செலவு?"

வீண் செலவில்லை அம்மா, அவசியம் பாருங்கள். 'தழும்பின்றி மூளைக்கட்டி அகற்றம்: டாக்டர்கள் சாதனை' என்று வரும் செய்திகள் ஆபரேஷன் அன்றோடு முடிந்துவிடுகின்றன. படத்தில் டாக்டர்கள் வரிசையாக நிற்பார்கள். யூரின் பையைக் குனிந்து பார்த்த நர்ஸ் இருக்கமாட்டார். சாதனை என்று சொல்லும் அளவுக்கு மூக்கு வழி புதிதும் அல்ல. 1907-இல் இன்ஸ்புருக்கில் ஷ்லோஃபர் செய்துகாட்டினார். ஹார்வி குஷிங் பலருக்குச் செய்துவிட்டுப் பிறகு கைவிட்டார். 1960-களில் மான்ட்ரியாலின் ஜூல் ஹார்டி மைக்ராஸ்கோப்போடு அதை மீட்டார். நம் பக்கத்தில், நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை ஜேக்கப் சாண்டி வேலூர் சி.எம்.சி.யில் தொடங்கியது 1949-இல். வரலாறு போதும், விஷயம் சிறுநீரில் இருக்கிறது.

உடம்பின் நீரைக் காக்கும் வாசோப்ரஸின் என்ற ஹார்மோன் உருவாவது பிட்யூட்டரியில் அல்ல, அதற்கு மேலே இருக்கும் ஹைபோதாலமஸில். பிட்யூட்டரியின் பின்பகுதி வெறும் கிடங்கு. அடிவாரத்துக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். ஏற்காட்டில் காப்பி எஸ்டேட், அடிவாரத்தில் குடோன், நடுவே இருபது கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதைதான் பிட்யூட்டரியின் காம்பு, நரம்பிழைகளால் ஆனது. சரக்கு இறங்குவதும், 'இத்தனை மூட்டை வெளியே விடு' என்ற உத்தரவு வருவதும் அதன் வழியாகத்தான்.

ஆபரேஷனில் காம்பு அதிர்ந்தால் மலைப்பாதையில் மண் சரிந்த கதை. குடோனில் மூட்டை இருக்கிறது, உத்தரவு வரவில்லை, ஷட்டர் திறக்கவில்லை. சிறுநீரகம் நீரைப் பிடிக்காமல் விட்டுவிடுகிறது. மணிக்கு 250, 300 மில்லி என்று இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து, பச்சைத் தண்ணீர் போலப் போகும், ஒப்படர்த்தி 1.005-க்கும் கீழே இறங்கும். நர்ஸ் காத்திருந்தது இதற்குத்தான். வெறும் அளவை வைத்து அவர் முடிவுகட்டுவதில்லை. டிரிப்ஸ் அதிகம் ஏறியிருந்தாலும் சிறுநீர் கூடும். வளர்ச்சி ஹார்மோன் கட்டி எடுத்தவருக்கு உடம்பு தேக்கிவைத்த நீர் தானாகவே வடியும். கூடவே ரத்தச் சோடியமும் ஏறினால்தான் சந்தேகம் உறுதியாகும்.

சில நாள் கழித்து வருவதுதான் எனக்குப் பிடித்த கட்டம். அடிபட்ட நரம்பு முனைகள் சிதையத் தொடங்குகின்றன. குடோன் சுவர் இடிந்து, பில்லும் உத்தரவும் இல்லாமல் மூட்டைகள் ரோட்டில் உருள்கின்றன. (காப்பி குவிந்தால் விலை சரியும், இங்கே சரிவது சோடியம்.) தேக்கிவைத்த ஹார்மோன் மொத்தமும் கசிய, சிறுநீரகம் குடித்த நீரையெல்லாம் பிடித்துவைக்கிறது. 135-க்குக் குறையக்கூடாத சோடியம் நீர்த்துப்போகிறது; மூளைச் செல்கள் வீங்குகின்றன. தலைவலி, குமட்டல், வாந்தி, குழப்பம், முற்றினால் வலிப்பு. இது பெரும்பாலும் நான்காம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையே, ஏழாம் நாளை ஒட்டி வரும். அப்போது நோயாளி வீட்டில் இருப்பார். சரக்கு தீர்ந்தபின், மேலே எஸ்டேட் பிழைத்திருந்தால் மெல்லச் சரியாகும். அதுவும் அழிந்திருந்தால் ஹார்மோன் பற்றாக்குறை நிரந்தரம்.

மூன்று கட்டமும் ஒருவருக்கே வருவது அபூர்வம். முதல் கட்டமே இல்லாமல் நேராக இரண்டாவது வருவதுதான் வம்பு. முன்னெச்சரிக்கை எதுவும் கிடைக்காது. நம் வீட்டுப் பழக்கம் வேறு எதிரி. வாந்தி என்றால் 'சூடு' என்போம், இளநீரை வெட்டுவோம். இளநீரில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் சொற்பம். இந்தக் கட்டத்தில் ஏற்கெனவே நீர்த்த ரத்தத்தை அது இன்னும் நீர்க்கவைக்கும். அதனால் பல ஆஸ்பத்திரிகள் அந்த வாரத்துக்குக் குடிக்கும் நீரை அளந்தே கொடுக்கச் சொல்கின்றன. டிஸ்சார்ஜ் தாளில் எழுதிய அளவுதான் கணக்கு, பக்கத்து வீட்டு யோசனை அல்ல. உப்பை அள்ளிக் கொடுத்து ஈடுகட்டவும் முயலாதீர்கள். இறங்கிய சோடியத்தை அவசரமாக ஏற்றினாலும் மூளை பாதிக்கும்.

வாந்திக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிட்யூட்டரி சோர்ந்தால் கார்டிசால் குறையும்; அதை ஈடுகட்ட ஸ்டீராய்டு மாத்திரை எழுதியிருந்தால் 'தெம்பாகிவிட்டார்' என்று நிறுத்திவிடாதீர்கள். மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினாலோ, தொண்டையில் உப்புக் கரித்தாலோ சளி என்று விட்டுவிடவும் கூடாது. அது மூளையைச் சுற்றியுள்ள திரவமாக இருக்கலாம். மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், கழிப்பறையில் முக்கக்கூடாது.

வாசோப்ரஸின் நிரந்தரமாகப் போனவர்களுக்கு அதற்கு மாற்றாக டெஸ்மோப்ரெஸின் இருக்கிறது. 'மூக்கில் ஒரு ஸ்பிரே, பிரச்சினை தீர்ந்தது' என்று அதற்கும் விளம்பரத் தொனியில் எழுதுவார்கள். மூக்கு வழியே ஆபரேஷன் ஆனவருக்குப் புண் ஆறும்வரை அந்த ஸ்பிரே ஒழுங்காக உள்ளே இறங்காது, மாத்திரையோ ஊசியோதான்.