அடி இங்கே, ஓசை அங்கே

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1985இல் கொண்டுவந்த ஆக்டபேட் பெட்டியில் எட்டு ரப்பர் தட்டுகள் இருந்தன. சொந்தமாக ஓர் ஒலிகூட இல்லை. குச்சியால் தட்டினால் ரப்பரின் ‘டொக்’ மட்டும்தான் கேட்கும். பக்கத்தில் ஒரு டிரம் மெஷினையோ சாம்ப்ளரையோ கேபிள் போட்டு இணைத்த பிறகே அது பேசும். தமிழ்நாட்டு மெல்லிசைக் குழுக்களில் ‘பேட்’ என்றே அழைக்கப்படும் கருவி அதன் வழிவந்தது. பின்னால் வந்த மாடல்களுக்குள் தபலா முதலான ஒலிகள் குடியேறிவிட்டதால், முதல் ஆக்டபேட் ஊமையாகப் பிறந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். எலெக்ட்ரானிக் டிரம்ஸைக் கணினியோடு இணைத்து, மென்பொருளிலிருந்து ஓசையை எழுப்பும் இன்றைய டிரம்மர்கள் அந்தப் பழைய ஏற்பாட்டுக்கே திரும்பியிருக்கிறார்கள். அடி விழுவது ஓரிடம், ஓசை பிறப்பது வேறிடம்.

சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் உண்டாகிறது என்பதை ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்தார்கள். பேடின் அடியில் ஒட்டியிருக்கும் பீசோ வட்டு அந்த விளைவால்தான் வேலை செய்கிறது. குச்சி விழுந்ததும் அதிர்வு வட்டை எட்டி, ஒரு சிறு மின்துடிப்பு கிளம்புகிறது. மாட்யூல் எனப்படும் பெட்டி அந்தத் துடிப்பின் உச்சத்தை அளந்து, 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக்குகிறது. மெல்லத் தொட்டால் 15, 20 என்று வரும். ஓங்கி அறைந்தால் 127.

கைக்கு இதமான பேட் கிடைக்கத்தான் நாளாயிற்று. 1981இல் இங்கிலாந்தில் வெளியான சிம்மன்ஸ் எஸ்டிஎஸ்-5 தன் அறுகோணப் பேடுகளால் அந்தப் பத்தாண்டின் பாப் இசைக்கே ஓர் அடையாளமானது. ஆனால் அதன் கெட்டியான பாலிகார்பனேட் பரப்பில் அடித்தவர்களின் மணிக்கட்டு நொந்தது. 1997இல் ரோலண்டின் வி-டிரம்ஸ் வலைத்துணி போன்ற மெஷ் தோலோடு வந்தது. குச்சி நன்றாகத் துள்ளி எழும்பும், சத்தமும் குறைவு. அடுக்குமாடி வீட்டில் டிரம்ஸ் பழக முடிகிறதென்றால் அதில் மெஷ்ஷின் பங்கு பெரிது.

மாட்யூலிலிருந்து கணினிக்கு யுஎஸ்பி கேபிள் வழியே போவது ஒலி அல்ல, மிடி செய்தி. 1983இல் அறிமுகமான இந்தப் பொதுமொழியை உருவாக்கியதற்காக டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டை நிறுவிய இகுதாரோ காகேஹாஷிக்கும் 2013இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. ஓர் அடிக்கு மூன்றே பைட்டுகள்: அடி விழுந்தது, எந்த வாத்தியத்தில், எவ்வளவு பலமாக. பொது வழக்கில் கிக்குக்கு 36, ஸ்நேருக்கு 38, மூடிய ஹைஹாட்டுக்கு 42. பழைய வட்டமுனை மிடி கேபிளிலேயே இந்தச் செய்தி ஒரு மில்லி விநாடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

எண் வந்து சேர்ந்த இடத்தில்தான் மென்பொருளின் விரிவு தெரிகிறது. சுவீடனின் டூன்ட்ராக் நிறுவனம் 2017இல் வெளியிட்ட சுப்பீரியர் டிரம்மர் 3 தொகுப்பின் ஒலிகளை பெல்ஜியத்தின் கேலக்ஸி ஸ்டுடியோவில் பதிவு செய்தவர் புகழ்பெற்ற ஒலிப்பொறியாளர் ஜார்ஜ் மாசன்பர்க். அளவு 230 ஜிபிக்கும் மேல். சில டிரம்களுக்கு எதற்கு இவ்வளவு இடம்? ஒரே ஸ்நேரை மெதுவாக, கொஞ்சம் அழுத்தி, இன்னும் அழுத்தி என்று பல படிகளில் அடித்துப் பதிகிறார்கள். ஒவ்வொரு படியிலும் பல அடிகள்; ஒவ்வோர் அடிக்கும் கிட்டத்திலும் தள்ளியும் வைத்த பல மைக்குகள். அடிகளைச் சுழற்சி முறையில் மாற்றி மாற்றி ஒலிக்கவிடாமல் ஒரே பதிவைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால், வேகமான உருட்டல் இயந்திரத் துப்பாக்கிபோலக் கேட்கும். மலிவான மாட்யூல்களின் ஒலி செயற்கையாகப் படுவதற்கு இது முக்கியக் காரணம்.

வாசிப்பு எண்களாகப் பதிவாவதால் இன்னொரு வசதியும் உண்டு. வாசித்து முடித்த பிறகு ஸ்நேர் பிடிக்கவில்லையென்றால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், கை மாறாது.

இதில் பெரிய எதிரி தாமதம். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. மில்லி விநாடிக்கு 34 சென்டிமீட்டர். நிஜ ஸ்நேரின் ஓசை டிரம்மரின் காதுக்கு வரவே ஏறத்தாழ 2 மில்லி விநாடி ஆகும். கணினியோ ஒலியைத் துண்டு துண்டாகத் தயாரித்து அனுப்புகிறது. விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில், ஒரு துண்டின் அளவான பஃபர் 128 என்றால் 2.9 மில்லி விநாடி. 512 என்றால் 11.6. மாட்யூலும் ஆடியோ இன்டர்ஃபேஸும் எடுத்துக்கொள்ளும் நேரம் இதற்கு மேல். மொத்தம் பத்தைத் தாண்டினால் தேர்ந்த கை உடனே உணர்ந்துவிடும். குச்சி தாளத்தில் நிற்க, ஓசை பின்தங்கும். பஃபரை மிகவும் குறைத்தாலோ கணினி திணறி ஒலி வெடிக்கும். விண்டோஸில், தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவர் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. புளூடூத் ஹெட்ஃபோனும் ஆகாது. அதன் தாமதம் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். மாட்யூலின் சொந்த ஒலியையும் நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வோர் அடியும் இரண்டு முறை கேட்கும்.

விலையுயர்ந்த மென்பொருளை வாங்கிவிட்டு ஏமாந்துபோகிறவர்கள் பெரும்பாலும் அமைப்புகளைத் தொடாதவர்கள். ரோலண்டின் பல மாட்யூல்கள் ஹைஹாட்டின் விளிம்பில் அடித்தால் 22, 26 என்ற எண்களை அனுப்பும். பொது மிடி அட்டவணையோ 35இல்தான் தொடங்குகிறது. அதை மட்டும் நம்பும் மென்பொருளில் விளிம்படி மௌனமாகிவிடும். எந்த மாட்யூல் என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். பலத்துக்கும் எண்ணுக்கும் உள்ள உறவைக் காட்டும் வளைகோட்டைச் சரிசெய்வதற்குப் பொறுமை வேண்டும். ஸ்நேரில் முணுமுணுப்பாக விழும் கோஸ்ட் நோட்டுகள் காணாமல் போகக் கூடாது. சாதாரண அடியே 127ஐத் தொடவும் கூடாது. இதற்குச் செலவிடும் ஒரு மாலைப்பொழுது புதிய ஒலித்தொகுப்பைவிட அதிகப் பலன் தரும்.

ஹைஹாட் தனிக் கதை. அது திறந்தது, மூடியது என்று இரண்டே நிலை கொண்டதல்ல. அதனால் மிதி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை மாட்யூல் தொடர்ந்து இன்னொரு எண்ணாக அனுப்பிக்கொண்டேயிருக்கும். மென்பொருள் அதைப் பார்த்து, பாதி திறந்த தகடுகளின் சரசரப்பையும் தேர்ந்தெடுக்கும்.

இந்த முறைக்குக் கைவராதவையும் உண்டு. ஜாஸ் டிரம்மர் பிரஷ்ஷால் ஸ்நேரைத் தடவும்போது அடியென்று ஒன்று விழுவதேயில்லை; பீசோவின் உச்சத்துக்குக் காத்திருக்கும் மாட்யூலுக்கு அது புலப்படாது. மிருதங்கத் தொப்பியில் எழும் கும்கிக்கும் இதே கதிதான். அடித்த பிறகு கை தோலை அழுத்தி நகர்வதால் சுருதி நெளிகிறது. அதைச் சொல்ல ஹைஹாட் மிதிக்கு இருப்பதுபோல் தொடர்ந்து எண் அனுப்பும் உணரி வேண்டும். சாதாரண டிரம்ஸ் பேடில் அது கிடையாது.