குற்றவாளியா, குழந்தையா?

சக்கரத்தில் ஏற்றிய பச்சை மண் கோணிப்போனால் குயவன் அதை வீசியெறிவதில்லை. பிசைந்து மீண்டும் வனைகிறான். தவறிய பிள்ளையிடத்துச் சட்டமும் அவ்வாறே நடத்தல் வேண்டும். இக்கருத்து நம் நாட்டுச் சட்டத்தில் இடம்பெற்று எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை உரைத்துப் பார்த்த உரைகல் வன்னி மண்ணேயாகும்.

1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச்சட்டம் சிறுவர் நீதிமன்றத்துக்கு வழிசெய்தது. பெரியவர்களின் வழக்குகள் நடக்கும் வேளையில், அதே மண்டபத்தில் பிள்ளையை நிறுத்தலாகாது. பொதுமக்கள் வேடிக்கை பார்க்கலாகாது. பத்திரிகைகள் அப்பிள்ளையின் பெயரையோ படத்தையோ வெளியிடலாகாது. முதலில் 16 வயதுக்குட்பட்டோருக்கு இருந்த இப்பாதுகாப்பு, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் 18 வயது வரை விரிந்தது.

அச்சட்டத்தில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. திருடிய சிறுவனும், தாய் தந்தையரை இழந்து தவிக்கும் சிறுமியும் ஒரே நீதிமன்றத்துக்கே வருகின்றனர். இருவரையும் காக்கப்படவேண்டிய பிள்ளைகளாகவே சட்டம் காண்கிறது. ஆதலால் நன்னடத்தை உத்தியோகத்தரின் கண்காணிப்பில் விடுவது, உறவினர் அல்லது தகுதியுள்ள வேறொருவரிடம் ஒப்படைப்பது, சான்றுபெற்ற பாடசாலைக்கு அனுப்புவது எனப் பல வழிகளை அது நீதவானுக்குக் காட்டுகிறது.

குற்றப் பொறுப்புக்குரிய வயது நெடுங்காலம் எட்டாகவே இருந்தது. 2018ஆம் ஆண்டில்தான் அது பன்னிரண்டாக உயர்ந்தது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளையாயின், தன் செயலின் தன்மையை உணரும் முதிர்ச்சி அதற்கு உண்டா என்பதை ஆராய்ந்தே நீதிபதி முடிவு செய்தல் வேண்டும்.

இனி வன்னிக்கு வருவோம். புத்தகம் ஏந்தவேண்டிய கைகளில் துப்பாக்கியைத் திணித்த காலம் அது. 2003இல், விடுதலைப் புலிகள் இயக்கத்திலிருந்து விடுவிக்கப்படும் பிள்ளைகளுக்கென ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்தின் துணையுடன் கிளிநொச்சியில் இடைத்தங்கல் நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. எனினும் பிள்ளைகளைச் சேர்ப்பது நின்றபாடில்லை. 2006இல், போருக்கெனச் சிறுவரைத் திரட்டுவது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றமாக்கப்பட்டது. குற்றம் திரட்டியவருடையதேயன்றித் திரட்டப்பட்ட பிள்ளையுடையதன்று என்பதே அதன் பொருள்.

2009இல் போர் ஓய்ந்தபோது 594 பிள்ளைகள் முன்னாள் போராளிகளாக எஞ்சினர். அவர்கள் சிறைக்கு அனுப்பப்படவில்லை. புனர்வாழ்வு நிலையங்களுக்கே அனுப்பப்பட்டனர். வவுனியா பூந்தோட்டத்திலும் அத்தகைய நிலையம் ஒன்று இருந்தது. சிலர் இரத்மலானை இந்துக் கல்லூரியில் விட்ட படிப்பைத் தொடர்ந்தனர். 2010ஆம் ஆண்டு நடுப்பகுதிக்குள் அவர்கள் குடும்பங்களிடம் சேர்க்கப்பட்டனர். பட்ட காயம் அத்துடன் ஆறிவிட்டதெனக் கூறுதல் இயலாது. ஆயினும், துப்பாக்கி ஏந்திய பிள்ளையும் பிள்ளையே என்னும் உண்மை அங்கே நிலைநாட்டப்பட்டது.

அவ்வளவு பெரிய சோதனையில் ஒப்புக்கொண்ட உண்மையைச் சிறிய வழக்குகளில் மறக்கலாமா? சிறுவருக்கெனத் தனியாக அமைந்த நீதிமன்றங்கள் பத்தரமுல்லையிலும் யாழ்ப்பாணத்திலுமே உள்ளன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பிள்ளைகளின் வழக்குகளை அவ்வவ்விடத்து நீதவான் நீதிமன்றங்களே சிறுவர் நீதிமன்றமாக அமர்ந்து கேட்கவேண்டியுள்ளது. வறுமை காரணமாக, தாயோ தந்தையோ உயிருடன் இருந்தும் இல்லங்களில் வளரும் பிள்ளைகளும் பலர். பேர்த்தியை வளர்க்க ஆச்சி ஆயத்தமாக இருந்தால், அவருக்கு உதவி செய்வதன்றோ முதற்கடமை? இல்லம் என்பது வேறு வழியற்றபோது நாடவேண்டிய இடமேயாகும்.

நமக்கும் பங்குண்டு. 16 வயது வரை கல்வி கட்டாயம். 2021 முதல் அவ்வயதுக்குட்பட்டோரை வேலைக்கமர்த்துவதும் குற்றம். அயலில் ஒரு பிள்ளை துன்புறுவதைக் கண்டால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கத்துக்கு அறிவிக்கலாம். நீதிமன்றம் சென்று மீண்ட பிள்ளையைக் ‘கள்ளன்’ என்று ஊரார் அழைப்பின், சட்டம் மறைத்துக் காத்த பெயரை நாமே தெருவில் எறிந்தவராவோம்.