தாம்பரம் வரிசையும் ஒற்றை மாத்திரையும்

எய்ட்ஸ் மேல்நாட்டு ஒழுக்கக்கேட்டின் நோய், நம்மூரில் அதற்கு இடமில்லை என்று பெரியவர்கள் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனிதி சாலமன் தம் மாணவி நிர்மலாவிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார். பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்டு அரசுக் காப்பகத்தில் இருந்த பெண்களின் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். சென்னையில் அதற்கு வசதி இல்லை. நிர்மலா மாதிரிகளை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காத்து, கணவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இரவு ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் கிருமி இருந்தது. 1986 மே மாதம் அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டமன்றத்தில் இதை அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் வெளிப்பட்டது அப்படித்தான்.

பிறகு அது லாரி ஏறியது. நாமக்கல்லில் ஓட்டுநர்களிடமிருந்து மனைவியருக்கும், அவர்களிடமிருந்து கைக்குழந்தைகளுக்கும் போனது. 2000களின் தொடக்கத்தில் தமிழகக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் தொற்று இருந்தது. பல மருத்துவமனைகள் தொடவே மறுத்தன. அங்கே விரட்டப்பட்டவர்களுக்குத் தாம்பரம் சானடோரியம்தான் கதி. காசநோய்க்காகக் கட்டிய அந்த மருத்துவமனையால் அன்று கொடுக்க முடிந்தது ஒரு படுக்கையும், கூடவே வரும் காசநோய்க்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்தும்தான். கிருமியை அடக்கும் கூட்டு மருந்து வெளிநாடுகளில் 1996லேயே வந்துவிட்டது. ஆனால் ஒருவருக்கு ஓராண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகும். 2001இல் சிப்லா நிறுவனம் அதை 350 டாலருக்குத் தர முன்வந்தது. உலகமே வியந்த விலை. லாரி கிளீனருக்கு அதுவும் எட்டாத விலை.

2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது முதல் எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. அப்போதும் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் சிடி4 அணுக்கள் 200க்குக் கீழே இறங்கினால்தான் மாத்திரை. அதாவது, நன்றாக நோயில் விழுந்த பிறகு வா என்று பொருள். அன்றைய மருந்துகளில் ஒன்றான ஸ்டாவுடின் கன்னத்தை ஒட்டவைத்துவிடும். உயிரைக் காப்பாற்றிய மருந்தே முகத்தில் எழுதிக் காட்டிக்கொடுத்தது.

இன்று நிலைமை வேறு. சிடி4 எண்ணிக்கை எதுவானாலும், தொற்று தெரிந்த உடனே சிகிச்சை என்பது 2017 முதல் நடைமுறை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு வழியே அடுத்தவருக்குத் தொற்றாது. சிகிச்சை பெறும் தாய்க்குத் தொற்றில்லாத பிள்ளை பிறப்பது இப்போது சாதாரணம். கர்ப்பிணிகளிடையே தொற்று 0.2 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. தாம்பரத்தின் முதல் வரிசையில் நின்று பிழைத்தவர்கள் இன்று சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் சேர்த்தே வரிசையில் நிற்கிறார்கள். வயதாவது அவர்களுக்கு ஒரு வெற்றி.

இதில் விளம்பரங்களுக்கும் பங்குண்டு. “புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?” என்று சுவரெல்லாம் கேட்ட காலத்தை நாற்பதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊரே ஆணுறையைப் பற்றிப் பேசியது, நல்லதுதான். ஆனால் நோய் வந்தவன் தப்பு செய்தவன் என்ற எண்ணத்தையும் அது கூடவே ஊன்றியது என்பது என் கருத்து. கணவனைத் தவிர யாரையும் அறியாமல் நோய் வாங்கிய பெண்களுக்கு அந்தச் சுவர்களில் இடமில்லை. நாமக்கல் பக்கத்துக் கௌசல்யா போன்ற பெண்கள் 1998லேயே சென்னையில் பாசிட்டிவ் பெண்கள் கூட்டமைப்பைத் தொடங்கியிருந்தும்.

அந்த எண்ணம் இன்றும் சாகவில்லை. இந்த மாத்திரை கொடுக்கும் உள்ளூர் ஏ.ஆர்.டி. மையத்தில் தெரிந்த முகம் பார்த்துவிடுமே என்று பக்கத்து மாவட்டத்துக்குப் பஸ் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுபோகிறார்கள். 2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கலந்த ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி வெளியானது. ரத்தம் கொடுத்த இளைஞர் சில நாட்களில் தற்கொலை செய்துகொண்டார். இலவச மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கிருமி அவரைக் கொல்லவில்லை. தொற்றுள்ளவரை வேலையிலிருந்தோ பள்ளியிலிருந்தோ விலக்குவதும், அவர் சம்மதமின்றி அதை வெளியே சொல்வதும் கூடாது என்னும் சட்டம் அதே ஆண்டு செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது.

அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் சோதனை இலவசம். முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள். நேரில் போகத் தயங்குபவர்கள் 1097 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம்.