துணி உலர்த்தும் இயந்திரத்தில் வெப்பமறி கருவியின் பழுது

மழைக்காலத்தில் துணிகளை உலர்த்துவதற்கு விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இல்லங்கள் சிலவற்றிலும் மின்சார இயந்திரங்கள் பயன்படுகின்றன. சுழலும் உருளையினின்று வெளிவரும் காற்றின் வெப்பநிலையை அறிவிப்பது தெர்மிஸ்டர் என்னும் சிற்றுறுப்பாகும். அது பழுதுற்றால் துணிகள் ஈரமாகவே எஞ்சும். அல்லது மிகைவெப்பத்தால் கருகும். தீ விபத்துக்கும் இடமுண்டு.

உலோகங்கள் சூடேறுங்கால் அவற்றின் மின்தடை மிகுகின்றது. சில பொருள்களிலோ அது குறைகின்றது. வெள்ளி சல்பைடில் இவ்வியல்பை மைக்கேல் ஃபாரடே 1833ஆம் ஆண்டில் கண்டார். இக்காலத் தெர்மிஸ்டர்கள் மாங்கனீசு, நிக்கல் முதலியவற்றின் ஆக்சைடுகளால் ஆனவை. பெரிதும் வழங்கும் ஒரு வகையில் 25° செல்சியஸில் மின்தடை 10,000 ஓம் ஆகும். 50° செல்சியஸில் அது ஏறத்தாழ 4,000 ஓமாகக் குறையும்.

இவ்வுறுப்பினுள் இணைப்பு அறுபடின் மின்தடை எல்லையின்றி உயரும். கட்டுப்பாட்டுச் சாதனம் அதனைக் கடுங்குளிர் எனக் கொள்ளும். குறுக்கிணைப்பு ஏற்படின் மின்தடை மறைந்து, கடுவெப்பம் போலத் தோன்றும், வெப்பச்சுருள் இயங்காது. புதிய இயந்திரங்கள் பல இவ்விரு நிலைகளையும் உணர்ந்து, பிழைக்குறி காட்டி நின்றுவிடும். ஆயின் மின்தடை சிறிது பிறழ்வதை அவை எளிதில் அறியா. உண்மையினும் மிகுந்த மின்தடை காட்டும் உறுப்பு, காற்றுச் சூடாயிருக்கவும் குளிர்ந்துள்ளதெனத் தெரிவித்து, துணிகளைக் கருகச் செய்யும்.

சோதனையை முறையாகத் தொடங்குதல் வேண்டும். முதற்கண் பஞ்சுத் துகள் வடிகட்டியையும் காற்று வெளியேறும் குழாயையும் துப்புரவு செய்க. காற்றோட்டம் தடைப்படின் பழுதற்ற தெர்மிஸ்டரும் குற்றமுடையது போலத் தோன்றும். அடுத்து, மின்செருகியைச் சுவரினின்று கழற்றி, இயந்திரம் ஆறிய பின்னர் உறுப்பின் இணைப்பை நீக்கி, மல்டிமீட்டர் கொண்டு மின்தடையை அளக்கவும். அளவை அறையின் வெப்பநிலையோடும் உற்பத்தியாளர் தந்துள்ள அட்டவணையோடும் ஒப்பிடுக. பின்னர் உறுப்பை உள்ளங்கையில் மூடிவைத்தால் மின்தடை சீராகக் குறைய வேண்டும். குறையாது நிற்பினும், திடீரெனத் தாவினும், மாற்றுவதே தக்கது. அளவுகள் சரியாயிருப்பின் கம்பிகளையும் இணைப்பு முனைகளையும் ஆராய்க. கட்டுப்பாட்டுப் பலகையை இறுதியில் ஐயுறுக.

மிகைவெப்பம் உண்டாயின் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் வெப்ப உருகி இயந்திரத்தில் தனியே உள்ளது. அது எரிந்துபோயின் கம்பியால் இணைத்து இயந்திரத்தை ஓட்டுதல் ஒருபோதும் கூடாது. உருகி எரிந்தது ஓர் எச்சரிக்கை. அதன் காரணத்தைக் கண்டு களைந்த பின்னரே புதியதைப் பொருத்துதல் வேண்டும்.